கதவைத் திறந்தவர் யார்? அடைத்தவர் யார்?



"எங்கள் கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தகுதியுடையோர் வரலாம், தடுப்பார் எவருமில்லை" என்று பறைசாற்றாத கல்விக்கூடம் இன்று உலகில் அரிது. கேட்கச் செவிக்கு இனிமைதான்! ஆனால், வகுப்பறைக்குள் சென்று, அங்கே அமர்ந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்போதுதான், அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைத்தது என்ற கணக்கு வெளிப்படும்.

அந்தக் கணக்கை, அமெரிக்க நாட்டுச் சிறு கலைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம். பல்லாயிரவர் பயிலும் பல்கலைக் கழகங்கள் ஒருபுறமிருக்க, ஆயிரமோ இரண்டாயிரமோ மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, இலக்கியமும் வரலாறும் தத்துவமும் அறிவியலும் கலந்து பயிற்றும் கல்லூரிகள் அங்கே பல உண்டு. ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் நெருக்கம் அவற்றின் பெருமை. இடங்களோ குறைவு. இடம் குறைந்த இடத்தில், ஒருவர் உள்ளே வருவதும் மற்றொருவர் வெளியே நிற்பதும் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு பெரிய நாட்டின் மனச்சான்றை நிறுத்துப் பார்க்க, இந்தச் சிறிய தராசு போதும்.

நாம் காண இருப்பது கெண்டக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரி. 1855 ஆம் ஆண்டில் ஓரறைப் பள்ளியாக அது பிறந்தது. மனிதனை மனிதன் சந்தையில் நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசிய மாநிலம் அது! அங்கே, வெள்ளையரும் கறுப்பரும், ஆணும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ்ப் பயில வேண்டும் என்று கருதினார் ஜான் ஃபீ என்ற பாதிரியார். அடிமை முறையை எதிர்த்த காசியஸ் கிளே நிலம் தந்தார். 1859 இல், ஜான் பிரௌன் அடிமைத்தளையை உடைக்க ஆயுதம் ஏந்தினார் என்ற செய்தி எட்டியதும், ஆண்டைகள் கிலி கொண்டனர். துப்பாக்கி ஏந்திய கூட்டம் ஒன்று வந்து, பெரீயாவின் ஆசிரியர்களை ஊரைவிட்டே விரட்டிற்று.

விரட்டப்பட்டவர்கள் மீண்டும் வந்தனர். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை வீழ்ந்தபின், 1866 இல் தொடங்கிய கல்வியாண்டில் அங்கே பயின்ற மாணவர்கள் 187 பேர். கறுப்பர் 96, வெள்ளையர் 91!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நேற்றுவரை விலைச்சீட்டுத் தொங்கிய கழுத்துக்கு உரியவரின் பிள்ளையும், அந்தக் கொடுமையைக் கண்ணெதிரே கண்டிருந்த வெள்ளையரின் பிள்ளையும், ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படித்தனர். வானம் இடிந்து விழவில்லை, பூமி பிளந்துவிடவில்லை! போருக்குப் பிறகு பல ஆண்டுகள் இருதரப்பாரும் ஏறத்தாழச் சரிபாதியாகவே அங்கே பயின்றனர். "ஒத்துவராது, ஒன்றுசேராது, காலம் கனியவில்லை" என்று கைவிரிப்போருக்கு, அந்த ஓரறைப் பள்ளி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டது.

பிறகு கதவு எப்படி அடைபட்டது? இங்கேதான் நாம் நின்று நிதானித்துப் பயில வேண்டிய பாடம் இருக்கிறது.

1892 இல் வில்லியம் குட்டெல் ஃபிராஸ்ட் என்பார் கல்லூரித் தலைவரானார். அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாழ்ந்த ஏழை வெள்ளையரின் அறியாமையும் வறுமையும் அவர் உள்ளத்தைத் தொட்டன. அவர்களைத் தேடிச் சென்று அழைத்தார். நல்ல காரியமே! ஏழைக்குக் கல்வி தருவதைக் குறைகூற நாம் யார்? ஆனால், ஒரு கையால் அவர்களை அழைத்தபோது, மறு கை கறுப்பின மாணவரைப் பற்றியிருந்த பிடி தளர்ந்தது. சரிபாதி என்ற நிலை கரைந்து, கறுப்பரின் பங்கு ஆண்டுக்காண்டு குறைந்தது. சட்டம் வருமுன்பே சமன்பாடு சாய்ந்துவிட்டது. ஒரு வறியவனுக்கு இடம் தருவதற்காக இன்னொரு வறியவனை எழுப்பிவிடும் ஏற்பாட்டை அறம் என்று எப்படிச் சொல்வது? வறியவர் இருவரையும் போட்டியிட விட்டு வேடிக்கை பார்ப்பது ஆதிக்கக்காரர்களுக்குப் பழகிப்போன விளையாட்டல்லவா!

1904 இல் இடி விழுந்தது. கார்ல் டே என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே இடத்தில் கற்பிப்பது குற்றம். மீறும் நிறுவனத்துக்கு 1,000 டாலர் அபராதம்! மற்றொரு இனத்தாருக்குத் தனிக் கிளை வைக்க விரும்பினால், அது 25 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டுமாம்! தீண்டாமையை மைல் கணக்கில் அளந்து எழுதிய சட்டம் அது. மாநில நீதிமன்றம் அந்த மைல் கணக்கை மட்டும் ஏற்காமல், மற்றவற்றை அப்படியே ஏற்றது. மாநிலத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து பயின்ற கல்லூரி பெரீயா ஒன்றுதான். ஆகவே அம்பு யாரை நோக்கி எய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

கல்லூரி வழக்காடியது, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908 இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எழுவர் சட்டத்தின் பக்கம் நின்றனர். கல்லூரி என்பது மாநிலம் அளித்த சாசனத்தால் பிறந்த அமைப்பு. பிறப்பித்த மாநிலம் அதன் விதியைத் திருத்தலாம் என்பது அவர்கள் வாதம். மறுத்து எழுதினார் நீதிபதி ஹார்லன். அவரும் கெண்டக்கியில் பிறந்தவரே! இன்று வகுப்பறையைப் பிரிக்கலாம் என்றால், நாளை ஞாயிறு வேதப் பள்ளியையும் சந்தைக் கூடத்தையும் பிரிக்கலாமே என்று அவர் கேட்டார். கேள்வி ஏட்டில் இருந்தது. தீர்ப்பு நாட்டை ஆண்டது.

பிரிவினை வந்தபோது கல்லூரியை விட்டு வெளியேறியவர் யார்? கறுப்பின மாணவர்! உதவிப் பணம் தந்து வேறு கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கென லிங்கன் கல்வி நிலையம் என்று ஒன்றை வேறோர் ஊரில் நிறுவ, 1912 இல் அது திறக்கப்பட்டது. பரிவு இருந்தது, பணம் இருந்தது. ஆனால் இடம் போய்விட்டது. அமெரிக்கக் கறுப்பரின் வரலாற்றை அறிவுத்துறையாகவே வளர்த்த கார்ட்டர் உட்சன் பெரீயாவில் பட்டம் பெற்றது 1903 இல். ஓராண்டு தாமதித்திருந்தால், அந்த வாயிலில் அவர் எதிரே சட்டம் நின்றிருக்கும். 1950 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே கதவு மீண்டும் திறந்தது. 46 ஆண்டுகள்! எத்தனை உட்சன்கள் வாயிலைக்கூடக் காணாமல் மறைந்தார்களோ!

"அது பழங்கதை" என்பீர்களாயின், இன்றைய நிலையையும் பார்ப்போம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருத்திற்கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்றொரு புகழ்பெற்ற சிறு கலைக் கல்லூரி உண்டு. 2023 இல் அங்கே முதலாண்டில் சேர்ந்தவருள் கறுப்பர் 11 விழுக்காடு. 2024 இல் சேர்ந்தவருள் 3 விழுக்காடு! ஓராண்டில் கறுப்பினத்தின் அறிவு மங்கிவிட்டதா? விதி மாறியது, விளைவு மாறியது.

பிறப்பைப் பார்க்கலாகாது என்ற அந்தத் தீர்ப்பு, முன்னாள் மாணவரின் மகன், மகள் என்பதற்காகச் செல்வக் கல்லூரிகள் பல தரும் முன்னுரிமையைத் தொடவில்லை! தாத்தா படித்த இடம் பேரனுக்குச் சலுகையாம். தாத்தாவை உள்ளே விடாத இடத்தில் பேத்திக்குச் சிறப்பு ஏற்பாடு கூடாதாம்! ஆம்ஹெர்ஸ்ட் 2021 இலேயே அந்தப் பரம்பரைச் சலுகையைக் கைவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணம் கொண்ட கல்லூரிக்கே இந்தக் கதி!

இனப் பூட்டு ஒன்று. பணப் பூட்டு மற்றொன்று. இத்தகைய கல்லூரிகள் சிலவற்றில் படிக்க, உதவித்தொகை கிட்டாதவருக்கு, ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. இந்த இரண்டாவது பூட்டை உடைத்ததில் பெரீயா வழிகாட்டி. 1892 முதல் அங்கே கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள். ஒவ்வொருவரும் வாரம் பத்து மணி நேரமேனும் உழைக்க வேண்டும். சமையற்கூடம், நூலகம், பண்ணை, தறி, துடைப்பம் கட்டும் பட்டறை என எங்கும் மாணவர் கை இருக்கும். எல்லோரும் உழைப்பதால் உழைப்பவன் தலைகுனிவதில்லை. நன்கொடைகளை மூலதனமாகச் சேர்த்து வைத்து, அதன் வருவாயில் கல்லூரி நடக்கிறது. உள்ளே வந்த ஏழை, உள்ளேயும் ஏழையாக ஒதுங்கி நிற்காதிருக்க அவர்கள் கண்ட வழி இது. இடம் தருவது பாதி வேலை. இடம் பெற்றவர் நிமிர்ந்து உட்காரச் செய்வது மறுபாதி.

தோழர்களே! ஃபீயின் நெஞ்சுரம் கதவைத் திறந்தது. ஒரு தலைவரின் கவனம் திசைமாறியதும் அது ஒருக்களித்தது. ஒரு சட்டம் அதை அடைத்தது. ஒரு திருத்தம் மீண்டும் திறந்தது. ஒரு தீர்ப்பு வேறொரு கல்லூரியில் மீண்டும் சாத்துகிறது. நல்லவர்களின் கருணையை மட்டும் நம்பி நிற்கும் சமத்துவம், அந்த நல்லவர்கள் போனதும் போய்விடும். அது விதியில் எழுதப்பட வேண்டும். நிதியில் ஊன்றப்பட வேண்டும். மக்கள் மன்றத்தில் காவல் காக்கப்பட வேண்டும்.

ஆகவே, எந்தக் கல்லூரி "எல்லோருக்கும் இடமுண்டு" என்று எழுதி மாட்டினாலும், கைதட்டுமுன் கேளுங்கள்: சேர்ந்தவர் எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்? பணமில்லாதவன் எப்படிப் படிக்கிறான்? இந்த ஏற்பாட்டை நாளை ஒருவர் மாற்ற நினைத்தால் தடுக்க என்ன வழி? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். கேள்வி ஓய்ந்த இடத்தில்தான் கதவுகள் ஓசையின்றி மூடிக்கொள்கின்றன.