பெட்டரியை மாத்த முதல்...

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திறந்தும் வரியைக் கேட்டாலே தலை சுத்துது. ஆக, பழைய சன்னியும் கொரொல்லாவும்தான் நமக்குக் கதி. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே புது பெட்டரிக்கு ஓடுகிறோம். பாதிச் சம்பளம் போகிற வேலை இது.

'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால் முதலில் டெர்மினலைப் பார்ப்போம். வெள்ளையாகப் பூத்திருந்தால் நெகடிவ் வயரை முதலில் கழற்றி, சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல நேரம் சரி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் குற்றம் பெட்டரியில் இல்லை. பெற்றோலா, பிளக்கா என்று தேட வேண்டும்.

மீட்டர் வைக்காமலே "பெட்டரி போயிட்டு" என்கிற பாஸிடம் அளந்து காட்டச் சொல்வோம். 12 வோல்டுக்குக் கீழே என்றாலும் ஒருக்கா சார்ஜ் போட்டுப் பார்க்கலாமே. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது. அதையும் தள்ளிக்கொண்டுதான் நிற்கிறோம்!