செம்பாட்டு மண் வெறும் தூளா?

மண் பயிரை நிமிர்த்தி வைக்கும் வெறும் தூள், நோய்க்கு மருந்து ஒன்றே வழி என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதிய நண்பர் ஒருமுறை யாழ்ப்பாணத்து நீர்வேலிக்கு வரட்டும். வாடி மடிந்த கதலியின் தண்டைக் குறுக்கே வெட்டினால், வெள்ளையாய் இருக்கவேண்டிய இடமெல்லாம் செம்பழுப்புப் புள்ளிகள். பனாமா வாடல். இதற்கு எந்தப் போத்தலைத் திறக்கப்போகிறார்? தோட்டத்தில் இதைத் தீர்க்கும் பங்கசுநாசினி உலகில் எங்கும் இல்லை. வாழையைப் பிடுங்கி எறிந்தாலும் கிருமி பல்லாண்டு மண்ணிலேயே கிடக்கும்.

அந்தக் கிருமி எல்லா மண்ணிலும் ஒரேமாதிரி ஆடுவதுமில்லை. மத்திய அமெரிக்காவில் மொன்ட்மொரிலோனைற் என்ற களி உள்ள தோட்டங்களில் இந்த வாடல் மெதுவாகவே பரவியதை 1960களிலேயே ஆய்வாளர்கள் ஸ்டொட்ஸ்கியும் மார்ட்டினும் எழுதிவிட்டார்கள். பிரான்சின் ஷாத்தோரெனார் மண்ணில் முலாம்பழத்தைத் தாக்கும் வாடல் கிருமி இருந்தும் முலாம்பழக் கொடி தப்பியது. அதே மண்ணை நீராவியில் அவித்ததும் காப்பு போயிற்று. அவித்ததில் கொஞ்சம் பச்சை மண்ணைக் கலக்க, திரும்பி வந்தது. தூளுக்கு ஏது இந்தக் குணம்? காப்பாற்றியது மண்ணில் வாழும் உயிர். மருந்தூற்றி மண்ணைச் சுத்தமாக்கச் சொல்லும் நண்பர் முதலில் கொல்வது அதைத்தான்.

எங்கள் செம்பாட்டில் அந்தக் களி அதிகமில்லை, உண்மை. ஆனால் சுண்ணக்கல்லின்மேல் கிடப்பதால் புளிப்புக் குறைவு. அத்தகைய மண்ணில் கரையும் இரும்பு அரிது. இருப்பதை நல்ல பற்றீரியா முந்திப் பிடித்துக்கொள்ள, வாடல் கிருமியான பியூசேரியம் பட்டினி கிடக்கும். (அதே சுண்ணம் உருளைக்கிழங்கில் சொறியை வளர்க்கும். மண்ணைக் கடவுளாக்க நான் வரவில்லை.) குறைவது சேதனப் பொருள். எங்கள் வெயிலில் அது நிற்காது. அதனால்தான் முன்னோர் பூவரசங்குழையும் பனையோலையும் திரும்பத் திரும்பத் தாழ்த்தினார்கள், பட்டி அடைத்தார்கள். நண்பருக்கு இது பழமைவாதமாம். நல்ல பற்றீரியாவுக்குச் சோறு போடும் வேலை அது.

அவருடைய பெரிய துருப்பு 2021. இலங்கை அரசு ஏப்ரலில் அறிவித்து நவம்பரில் கைவிட்ட இரசாயனப் பசளைத் தடை தோற்றதாம். தோற்காமல்? குழையுமில்லை, எருவுமில்லை, ஆயத்தமுமில்லை. ஏழு மாதத்தில் எந்த மண் திருந்தும்? ஆட்சியாளரின் மடைத்தனத்தை மண்ணின் தலையில் கட்டுவதற்குப் பெயர் விவசாய அறிவா?

கமக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த போத்தலுக்குக் காசு கொடுக்குமுன் உங்கள் மண்ணின் புளிப்பையும் சேதனப் பொருளையும் சோதித்துப் பாருங்கள். வாடல் கண்ட தோட்டத்திலிருந்து வாழைக்குட்டி வாங்காதீர்கள்.