மிஸ்திரியிடம் என்ன சொல்வது?

காசிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் இருவர் சந்தித்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். மூவர் சந்தித்தால் மிஸ்திரியைப் பற்றிப் பேசுவார்கள். "ஏமாற்றிவிட்டான்" என்பதே அந்தப் பேச்சின் பல்லவி. படிப்பை முடித்துப் போகும் அண்ணன் ஒருவர், தாம் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளைத் தம்பி ஒருவனுக்கு விற்றுவிட்டு ரயிலேறுகிறார். ஆறு மாதத்தில் வண்டி புகைகிறது. தம்பி லங்கா நாற்சந்தியை நோக்கி வண்டியைத் தள்ளுகிறான். பணம் போகிறது, புகை போகவில்லை. உடனே பல்லவி தொடங்குகிறது.

ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இந்தப் பழியில் பெரும்பகுதி நம்மையே சேரும் என்பது என் துணிபு. வைத்தியரிடம் போகிறவன் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று சொல்கிறான். "குடலை அறுத்துவிடுங்கள்" என்று அவன் சொல்வதில்லை. மிஸ்திரியிடம் போகும் நாமோ, விடுதி நண்பன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "ரிங் போய்விட்டது, மாற்று" என்கிறோம். அவர் மாற்றிவிடுகிறார். கேட்டதைச் செய்தவர்மீது குற்றம் சொல்வது எப்படி? நோயின் பெயரைச் சொல்வது நம் வேலையன்று. குறியைச் சொல்வதே நம் வேலை.

குறி என்பது என்ன? நம்மில் பலரிடம் உள்ள ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்கொள்வோம். 1994இல் வெளிவந்த வண்டி, 97.2 சி.சி. எஞ்சின். 2020இல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வரும்வரை கார்புரேட்டருடனேயே வந்தது. இதன் சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். அதோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் புகை எப்போது வருகிறது? இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து, சற்று நேரத்தில் மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால், ரிங்கையும் போரையும் ஐயுற வேண்டும். முன்னது சிறு செலவு. பின்னது எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவு. இரண்டுக்கும் நிறம் ஒன்றே, வேளைதான் வேறு. அந்த வேளையைக் கவனித்தவன் வண்டிக்குரியவன் ஒருவனே. மிஸ்திரி அதைக் கனவிலா காண்பார்?

கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று பொருள். குளிருக்காக இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்தாலும் வரும். ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்தாலும் வரும். தை மாதப் பனியில் காலை நேரம் சற்றே தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி, அதற்காக அஞ்சவேண்டியதில்லை. காரில் அது நாளெல்லாம் நீடித்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் மட்டுமே கவலைக்குரியது. யமஹா ஆர்.எக்ஸ். 100, பழைய பஜாஜ் சேத்தக் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் இலேசான நீலப் புகை இயல்பே.

ஓசைக்கும் இதுவே விதி. தையல் இயந்திரம்போல் "டிக் டிக்" என்றால் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லலாம், அவசரமில்லை. அடிவயிற்றிலிருந்து "டொக் டொக்" என்று கனத்த ஒலி கேட்டால், வண்டியை அங்கேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவதுதான் அறிவுடைமை. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்த எஞ்சினை "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டுகிறவன், நூறில் முடிவதை ஆயிரத்தில் முடிக்கிறான்.

"நமக்கு இந்தி சரியாக வராதே, இவ்வளவையும் எப்படிச் சொல்வது?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நன்றாகப் பார்த்தவனுக்குச் சில சொற்களே போதும். நீலா, காலா என்று நிறத்தைச் சொல்லுங்கள். துவான் என்று புகையைச் சொல்லுங்கள். ஆவாஸ் என்று ஓசையைச் சொல்லுங்கள். சுபஹ் என்று காலையைச் சொல்லுங்கள். வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டால் மீதியை வண்டியே சொல்லிவிடும். பாராதவனுக்கோ, பிரேம்சந்தின் இந்தியே வந்தாலும் பயனில்லை.

எந்தப் பழுதானாலும் மலிவானதிலிருந்து தொடங்குவது நல்லது. பெட்ரோல், சோக், ஏர் ஃபில்டர், பிளக், டாப்பெட் எல்லாவற்றையும் பார்த்த பிறகே எஞ்சினைத் திறக்க விடவேண்டும். கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் ஏறுகிறது. எஞ்சினில் அழுத்தம் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே சிறு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்து பார்க்கச் சொல்லலாம். அழுத்தம் ஏறினால் குறை ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் செய்யவேண்டிய காரியமும் ஒன்றுண்டு. எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு மாதம் கார்புரேட்டரில் தேங்கினால் பசையாகி நுண்துளைகளை அடைத்துவிடும். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிட்டுப் போனால், திரும்பி வந்ததும் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆயில் அளவையும் வாரம் ஒருமுறை பாருங்கள். நடு ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் வெறுமனே வைத்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

இனி, உண்மையிலேயே ஏமாற்றுகிறவர்களுக்கு என்ன மருந்து? மூன்று வழக்கங்கள். கூலியை முன்னதாகப் பேசுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பழுதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். "புரானா புர்ஜா" என்று கேட்டு, கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாகத்தைத் திருப்பிக் கேட்பவனிடம் பொய்க்கணக்கு எழுதுவது கடினம்.

"நாங்கள் ரசாயனமும் வரலாறும் படிக்க வந்தவர்கள், எண்ணெய்க் கறை எங்களுக்கு எதற்கு?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை ஜி. டி. நாயுடு கல்லூரியில் படித்தவர் அல்லர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலைசெய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பூட்டினார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழநிப் பாதையில் தொழில் தொடங்கினார். நாமெல்லாரும் நாயுடு ஆகவேண்டியதில்லை. ஆனால் உற்று நோக்குவதும், கண்டதைக் கண்டபடி சொல்வதும்தானே எந்தப் படிப்புக்கும் அடிப்படை? ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்துவிட்டு, தெருவில் கைவிடுவது கற்றவர்க்கு அழகன்று.

நண்பர்களே! அடுத்த முறை வண்டி இருமினால், மிஸ்திரியின் பெயரைத் தேடுமுன் ஒரு துண்டுத் தாளைத் தேடுங்கள். என்ன நிறம், என்ன ஓசை, எந்த வேளை, எத்தனை நாளாக என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தத் தாளோடு லங்காவுக்குப் போங்கள். வண்டியை விற்றுவிட்டு ஊர் திரும்பும் நாளில், சாவியோடு அந்தத் தாள்களையும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.