கரண்ட் போனால் பெல்ட் பின்னால் ஓடும்: மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் எது?

நிலக்கரியை மேலே ஏற்றும் சரிவான கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென கரண்ட் கட். என்ன ஆகும்? பெல்ட் மேல் இருக்கும் டன் கணக்கான கரி அதைப் பின்னோக்கி இழுக்கும். கீழே கரி குவியும், பெல்ட் கிழியும். அங்கே யாராவது நின்றால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுப்பதுதான் 'ஒன்-வே கிளட்ச்'. சைக்கிள் ஃப்ரீவீல் தெரியும்தானே? பெடலை முன்னால் மிதித்தால் பிடிக்கும், பின்னால் மிதித்தால் சும்மா சுற்றும். அதே தத்துவம்தான். இரண்டு வளையங்களுக்கு நடுவே 'ஸ்ப்ராக்' எனும் சிறு எஃகுத் துண்டுகள் இருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் வழிவிடும். மறுபக்கம் திரும்பினால் ஆப்பு மாதிரி இறுகிவிடும். கரண்ட், சென்சார் எதுவும் வேண்டாம்.

"அதான் பிரேக் இருக்கே?" என்று கேட்கலாம். பிரேக் பிடிக்கச் சற்று நேரமாகும்; லைனிங் தேய்ந்திருந்தால் வழுக்கும். கிளட்ச் உடனே பிடிக்கும்.

ஆனால், எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். மோட்டார் பக்கம் வேகம் அதிகம், முறுக்குவிசை குறைவு. அதனால் சின்ன கிளட்சே போதும், விலையும் குறைவு. ஆனால் கியர்பாக்ஸோ கப்ளிங்கோ உடைந்தால், பெல்ட்டுக்கும் கிளட்சுக்கும் தொடர்பே அறுந்துவிடும். அப்புறம் அது இருந்தும் பயனில்லை.

எனவே பெரிய சரிவுக் கன்வேயர்களில், பெல்ட்டை இழுக்கும் டிரம்மின் ஷாஃப்ட்டிலேயே கிளட்சைப் பொருத்த வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் கீழே வேலை பார்ப்பவரின் உயிரை வைத்து அந்தக் காசை மிச்சம் பிடிக்கக்கூடாது.