மூன்றாம், நான்காம் வரிசை முன்கள வீரரைப் பெறுவது குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் வீரர் பரிமாற்றத்துக்குரிய கெடு நெருங்கும் காலங்களில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி தன் மூன்றாம் அல்லது நான்காம் வரிசைக்கென முன்கள வீரர் ஒருவரை வேறு அணியிலிருந்து பெறுவது உசிதமா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. 1967ஆம் ஆண்டுக்குப்பின் லீகின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைக் காணாத அந்த அணியின் ரசிகர்களாகிய நாங்கள், இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகக் கூறுவது கடமையெனக் கருதுகிறோம்.

தேவை உண்மையானதே. ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளில் மாறி மாறிப் பனித்தளத்தில் இறங்குகிறார்கள். நீண்ட பருவமொன்றின் களைப்போடும் காயங்களோடும் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையும் அணிக்கு, சக வீரர் தண்டனை பெற்று வெளியேறிய வேளையில் ஓராள் குறைவாக நின்று எதிரியைத் தடுக்கவும், முதல் வரிசையினர் மூச்சுவிடும் நேரத்தில் எதிரியை அவர்தம் பாதியிலேயே நெருக்கவும் வல்ல கடைசி வரிசைகள் இன்றியமையாதவை.

2020இல் டாம்பா பே அணி பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ ஆகிய இருவரையும் பெற லீகின் வருடாந்தர இளம் வீரர் தேர்வில் ஆளுக்கொரு முதற்சுற்றுத் தேர்வுரிமையைக் கொடுத்தது என்பதையும், அவ்வாண்டும் மறு ஆண்டும் கிண்ணத்தை வென்றது என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் இருவருடைய ஒப்பந்தமும் குறைந்த சம்பளத்தில் இன்னொரு பருவம் நீடித்ததால், கொடுத்த விலைக்கு இரண்டு பருவங்களின் உழைப்பு கிடைத்தது. 2022இல் கொலராடோவோ, அனுபவம் மிக்க ஆண்ட்ரூ கோக்லியானோவை ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுரிமைக்கே பெற்றுக் கிண்ணத்தை வென்றது.

நம் அணியின் அனுபவம் வேறு. 2021இல் முதற்சுற்றுத் தேர்வுரிமை கொடுத்துப் பெற்ற நிக் ஃபொலிக்னோ, காயத்தின் காரணமாக இறுதிச் சுற்றுகளில் மான்ட்ரியலுக்கெதிரான ஏழு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே ஆடி, அந்தக் கோடையிலேயே பாஸ்டனுக்குச் சென்றார். 2023இல் மற்றொரு முதற்சுற்றுத் தேர்வுரிமை உட்படப் பலவற்றை ஈந்து பெற்ற ரயன் ஓரைலியும் நோயல் அச்சாரியும், 2004க்குப்பின் முதன்முறையாக ஒரு சுற்றை வெல்ல உதவினார்கள் என்பதை நன்றியுடன் ஒப்புகிறோம். எனினும் அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் அணி தோற்றபின், அவர்களும் சில வாரங்களில் விடைபெற்றார்கள்.

ஆகவே எமது நிலைப்பாடு இது:

1. இத்தகைய வீரரைப் பெறுவதை ஆதரிக்கிறோம்.

2. பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறவருக்கு மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமையைவிட மதிப்புமிக்க தேர்வுரிமையையோ, நம்பிக்கைக்குரிய இளம் வீரரையோ கொடுத்தல் கூடாது.

3. அதனினும் கூடிய விலை கேட்கப்படுமாயின், அவர் குறைந்த சம்பளத்தில் மேலும் ஒரு பருவமேனும் நம்மிடம் இருப்பவராக இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனைகளுக்கு இசைந்தவர் எவரும் கிடைக்காவிடில், துணை அணியான டொராண்டோ மார்லீஸில் உழைத்துத் தன் முறைக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவருக்கே அந்த இடத்தை அளிக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.