பாழ்மனையும் ஊர்நலமும்

ஆளில்லா வீடு தான் மட்டும் அழிவதில்லை. அண்டை வீட்டின் மதிப்பையும் அழிக்கிறது. பக்கத்து வீடு பாழானதும் அடுத்தவர் வெளியேற எண்ணுகிறார். அவரும் அகன்றால் தெருவே பாழாகிறது. இவ்வுண்மைக்குச் சான்றாய் நிற்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரம்.

மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த அந்நகரில் 1960-இல் ஏறத்தாழ 1,97,000 மக்கள் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 81,252 பேரே. மக்கள் போயினர், வீடுகள் நின்றன, வரியும் நின்றது.

முன்னாளில் வரிப்பாக்கியை வசூலிக்கும் உரிமையைத் தனியார் முதலீட்டாளர் விலைக்கு வாங்கினர். மனை யாருக்கு உரியது என்பது ஆண்டுக்கணக்கில் தெளிவுபடவில்லை. 1999-இல் இயற்றிய சட்டம் இதனை மாற்றியது. மூன்றாண்டளவில் பாக்கி தீராவிடில், நீதிமன்றத் தீர்ப்பின்வழி மாவட்டக் கருவூலர் ஐயமற்ற உரிமை பெறலாயினர். அம்மனைகளை ஏற்றுப் பேணும் நில வங்கிகளுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பிளின்ட் அடங்கிய ஜெனசி மாவட்டத்தில், கருவூலராயிருந்த டான் கில்டி இப்பணியை முன்னின்று நடத்தினார். இடிக்கத்தக்கவற்றை இடித்தனர், செப்பனிடத்தக்கவற்றைச் செப்பனிட்டனர், வெற்று மனைகளை அண்டை வீட்டாருக்கே குறைந்த விலைக்கு அளித்தனர். 1973-இல் மூடிய டூரன்ட் ஓட்டல் 2010-இல் குடியிருப்பாக மீண்டும் திறந்தது.

ஆயினும் இச்சட்டத்தால் ஒரு தீங்கும் விளைந்தது. அம்மாநிலத்து ஓக்லாந்து மாவட்டத்தில் 8 டாலர் 41 சென்ட் வரி குறைந்தமைக்காக ஒருவருடைய வீடு 24,500 டாலருக்கு ஏலம் போயிற்று. வட்டியும் கட்டணமும் சேர்ந்த பாக்கி முந்நூறு டாலரைத் தொடவில்லை. மிச்சம் முழுவதையும் மாவட்டமே வைத்துக்கொண்டது. அது தகாது என 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மினசோட்டா வழக்கொன்றில் 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கூறிற்று.

மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நில வங்கி எதைக்கொண்டு நடக்கும் என வினவுவார் உளர். அவ்வினாவில் பொருளுண்டு; பாழ்மனையை இடிக்கவும் பணம் வேண்டுமன்றோ! எனினும் ஊர்நலனுக்கான செலவை ஊரார் அனைவரும் பகிர்வதே முறை. கடன்பட்ட ஒருவரின் கூரையிலிருந்து அதைப் பிடுங்குதல் முறையாகாது.

கைவிட்ட மனையைக் கைப்பற்ற விரைவு வேண்டும். ஆள் வாழும் மனைக்குத் தவணையும் இரக்கமும் வேண்டும். கடனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு காசும் உடையவரைச் சேர வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த சட்டமே நல்ல சட்டம் என்பது நம் துணிபு. ஊரை வாழவைக்கவே பாழ்மனையை மீட்கிறோம். அதன் பெயரால் ஊராரைப் பாழாக்குதல் அறமாகுமா?