“வேற யாராவது சொல்லியிருப்பாங்க!”

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். மூன்று மாடி, 12 வீடுகள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் வாடகைக்காரர்கள்.

போன ஐப்பசி மழையில், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பாக்ஸ் இருக்கும் சுவரில் ஓதம் ஏறியது. முதலில் உள்ளங்கை அளவு. பதினைந்து நாளில் தாம்பாளம் அளவு. அத்தனை வீட்டுக்காரர்களும் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தோம். நானும்தான். செய்தி சொல்வதுதான் என் வேலை. இந்தச் செய்தியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, பால் பாக்கெட் எடுக்க வந்த கீழ் வீட்டு அக்கா, பக்கத்தில் இருந்த இரும்பு கேட்டில் கை வைத்தார். சுள்ளென்று ஷாக். நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு. ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் அசோசியேஷன் செயலாளர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். “இத்தனை பேர் பார்த்திருக்கீங்க. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே?”

ஆளுக்கொரு பதில். “வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன் சார்.” “நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்.” “சொன்னா, நீயே பிளம்பரைக் கூட்டிட்டு வான்னு என் தலையில கட்டிடுவீங்க.” கடைசியாகச் சொன்னது என் அம்மா.

என்னிடம் பதிலே இல்லை.

ஓர் இரவு, 24 வீடுகள்

ஆரம்பாக்கத்தில் சென்னை ரயில் ஏறினால், வழியில் திருவொற்றியூர் வரும். அங்கே அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) அடுக்குமாடிக் குடியிருப்பு. 2021 டிசம்பர் 26, ஞாயிறு இரவு, அதில் ஒரு பிளாக்கில் விரிசல் விட்டிருப்பதை மக்கள் கவனித்தார்கள். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் சொன்னார்கள். எல்லோரும் வெளியேறினார்கள். திங்கள் காலை, 24 வீடுகள் கொண்ட அந்த பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதே 2021-ல், ஜூன் 24 அதிகாலை, அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் சர்ஃப்சைடில் 12 மாடிக் கட்டடம் ஒன்று பாதியாகச் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அங்கே வசதிக்குக் குறைவில்லை. கான்கிரீட் பழுதாகியிருக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் எவ்வளவு பணம் போடுவது என்ற பேச்சிலேயே நாள்கள் ஓடின. சேதம் இன்னும் மோசமாகிவிட்டது என்று இடிவதற்கு இரண்டு மாதம் முன்பு அசோசியேஷன் தலைவரே குடியிருப்பவர்களுக்குக் கடிதம் எழுதினார். வேலை முடிவதற்குள் கட்டடம் முந்திக்கொண்டது.

திருவொற்றியூரில் உயிர் பிழைத்தது, வீடு பிழைக்கவில்லை. வீடும் பிழைக்க வேண்டும் என்றால், விரிசலாக மாறுவதற்கு முன்பு, ஓதமாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். நீர் உள்ளே இறங்கினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். பூச்சு உதிர்வது அதனால்தான். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

எப்படிச் சொல்வது?

* போட்டோ எடுங்கள். விரிசல் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும்.

* விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

* வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மட்டும் போதாது. ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவே அது காணாமல் போய்விடும். செயலாளருக்குத் தனியாகவும் அனுப்புங்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, யாருக்கு ஆபத்து... மூன்றே வரி போதும்.

* மின்கசிவு என்றால் முதலில் மெயினை அணையுங்கள், ஈரக்கையோடு கிட்டே போகாதீர்கள். கூட்டம் போட்டுப் பேசுவதெல்லாம் அப்புறம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987.

* புது ஃபிளாட் வாங்கியவர்களுக்கு எழுத்துப் புகார் ரொம்ப முக்கியம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) கீழ் வரும் கட்டடத்தில், சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பேசாமல் இருந்து அந்த 5 ஆண்டைத் தாண்டவிட்டால் செலவு உங்களுடையது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரை விழும்போது அது ஓனரா, டெனன்ட்டா என்று கேட்காது. வீட்டு ஓனருக்கும் செயலாளருக்கும் சேர்த்தே மெசேஜ் போடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தம்பிகளுக்குத் தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை. போட்டோவுக்கு மொழி வேண்டாம்.

அசோசியேஷன்காரர்களுக்கும் ஒன்று. சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டாதீர்கள். ஒரு முறை கட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘பார்த்தேன், சனிக்கிழமை ஆள் வருவார்’ என்ற ஒரு பதில் போதும், அடுத்த பத்துப் புகார்கள் நேரத்துக்கு வந்து சேரும்.

எங்கள் சுவர் என்ன ஆனது? மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு ஜாயின்ட் விட்டிருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். வயரிங் மாற்றி, எர்த் சரிசெய்து, பூச்சு பூசி முடிக்க, வீட்டுக்கு 1,500 ரூபாய் விழுந்தது.

நேற்று ராத்திரி, செயலாளருக்கு அம்மா ஒரு போட்டோ அனுப்பினார். சம்ப் மூடி உடைந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாடும் இடம் என்று கீழே எழுதியிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “நல்லவேளை சொன்னீங்கம்மா. இப்பவே பலகை போட்டு மூடிடறேன்.”